சாவி செய்த பிறகும் கடவுச்சொல் கேட்கிறதா?

கேள்வியை முதலில் சுருக்கிவிடுகிறேன். வாணியம்பாடியில் குடும்பத்தார் நடத்தும் ஷூ அப்பர் தைக்கும் பட்டறை. அங்கே உபுண்டு என்ற லினக்ஸ் போட்ட ஒரு கணினியில் பில், கூலிக் கணக்கு, டிசைன் கோப்புகள் எல்லாம் இருக்கின்றன. கேட்பவர் காட்பாடியில் படித்துக்கொண்டே கணக்கையும் பார்த்துக்கொள்கிறார். ரவுட்டரில் வழி திறந்து வைத்து, விண்டோஸ் மடிக்கணினியிலிருந்து எஸ்எஸ்எச் மூலம், அதாவது தொலைவிலுள்ள கணினிக்குள் மறைப்போடு நுழையும் வழியில், உள்ளே போகிறார். பதிவேட்டைத் திறந்தால் முன்பின் தெரியாத முகவரிகள் இரவெல்லாம் கடவுச்சொல்லை முயன்று பார்த்திருக்கின்றன. யாரோ சொல்லி, கடவுச்சொல்லுக்குப் பதிலாக ஒரு சாவிக் கோப்பு உருவாக்கினார். அதையே வாட்ஸ்அப்பில் அண்ணனுக்கும் அனுப்பினார். அப்படியும் கடவுச்சொல் கேட்கிறது. இதற்கிடையில் பட்டறைக் கணினியில் உபுண்டுவை மறுபடி நிறுவியதும், "மறுமுனைக் கணினியின் அடையாளம் மாறிவிட்டது" என்று பெரிய எச்சரிக்கை வந்திருக்கிறது. என்ன செய்வது?

தம்பி, கடவுச்சொல் கேட்பதற்கான காரணத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஷேர் ஃபோல்டர் திறக்கவில்லை என்பதால் ஹோம் ஃபோல்டருக்கு 777 கொடுத்தேன் என்று போகிற போக்கில் ஒரு வரி இருக்கிறது பாருங்கள், அதுதான்.

777 என்றால் அந்தக் கணினியில் கணக்கு உள்ள எவரும் அந்த ஃபோல்டரில் எழுதலாம் என்று பொருள். ஒரு ஃபோல்டரில் எழுதும் உரிமை இருந்தால், உள்ளே இருப்பதன் பெயரை மாற்றலாம், இடம் மாற்றலாம், நீக்கலாம். உங்களை உள்ளே விடும் சாவிகளின் பட்டியல் அந்த ஹோம் ஃபோல்டருக்குள்தான் இருக்கிறது. புள்ளியில் தொடங்கும் எஸ்எஸ்எச் ஃபோல்டர், அதற்குள் ஆத்தரைஸ்டு_கீஸ் என்ற கோப்பு. மற்றவர் கைபடக்கூடிய இடத்தில் இருக்கும் பட்டியலை எஸ்எஸ்எச் நம்புவதில்லை. நம்பவில்லை என்பதை உங்களிடம் சொல்வதும் இல்லை. வெளியிலிருந்து வருகிறவரிடம் உள்வீட்டுக் குறையைச் சொல்லக் கூடாது என்பது அதன் கொள்கை. சாவியை ஒதுக்கிவிட்டுப் பேசாமல் அடுத்த வழிக்கு, அதாவது கடவுச்சொல்லுக்கு, போய்விடுகிறது. உங்களுக்குத் தெரிவது அந்தக் கேள்வி மட்டும்தான்.

காரணம் எழுதப்படும் இடம் பட்டறைக் கணினியின் பதிவேடு. வார்-லாக் ஃபோல்டரில் ஆத்.லாக் என்ற கோப்பைத் திறந்து, நீங்கள் முயன்ற நேரத்துக்கு நேராகப் பாருங்கள். அங்கீகாரம் மறுக்கப்பட்டது, இந்த ஃபோல்டரின் உடைமையோ உரிமையோ சரியில்லை என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். ஹோம் ஃபோல்டரின் பெயரும் அதே வரியில் நிற்கும். உரிமையை மாற்றும் சிஎச்மாட் கட்டளையால் ஹோம் ஃபோல்டருக்கு 750, எஸ்எஸ்எச் ஃபோல்டருக்கு 700, ஆத்தரைஸ்டு_கீஸ் கோப்புக்கு 600 கொடுங்கள். மூன்றும் உங்கள் பயனர் பெயரிலேயே இருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். முழு அதிகாரம் உள்ள ரூட் கணக்கில் இருந்தபடி ஃபோல்டரை உருவாக்கிவிட்டு நாள் முழுதும் தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஷேர் ஃபோல்டருக்கு ஹோம் ஃபோல்டரைத் திறந்து விட்டிருக்கவே வேண்டாம். தனியாக ஒரு ஃபோல்டர் உண்டாக்கி, பட்டறையில் இருப்பவர்களுக்கு ஒரு குழு அமைத்து, அந்தக் குழுவுக்கு மட்டும் எழுதும் உரிமை கொடுங்கள்.

இதற்குப் பிறகும் கேட்டால், இரண்டாவது சந்தேகம் ஒட்டிய விதத்தின் மேல். லினக்ஸில் எஸ்எஸ்எச்-காப்பி-ஐடி என்ற கட்டளை சாவியை ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். விண்டோஸில் வரும் எஸ்எஸ்எச்சில் அது கிடையாது. ஆகவே நீங்கள் நோட்பேடில் திறந்து நகலெடுத்து ஒட்டியிருப்பீர்கள். ஒரு சாவி ஒரே வரியில் இருக்க வேண்டும். நடுவில் வரி உடைந்தால் செல்லாது. இப்போது பெரும்பாலோர் பயன்படுத்தும் இடி25519 வகையில் எழுத்துத் தொகுதி 68 எழுத்துதான், அதனால் உடைந்தால் கண்ணில் பட்டுவிடும். பழைய ஆர்எஸ்ஏ வகை ஒரே வரிதான் என்றாலும் திரையில் பல வரிக்கு மடங்கித் தெரியும், உண்மையில் எங்கே உடைந்தது என்று தேட வேண்டும். இதிலும் சரியாக இருந்தால் எஸ்எஸ்எச் கட்டளையோடு -வி சேர்த்து ஓட்டுங்கள். எந்தச் சாவியை நீட்டியது, மறுமுனை ஏற்றதா இல்லையா என்று ஒவ்வொரு படியாகச் சொல்லும்.

இனி வாட்ஸ்அப் விஷயம். இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கணினி பழகியவர்களே சாவி என்றால் மிக நீளமான கடவுச்சொல் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கடவுச்சொல்லை அண்ணனிடம் சொல்வதில்லையா, அப்படித்தானே இதுவும் என்று நீங்களும் அனுப்பிவிட்டீர்கள். இரண்டுக்கும் அடிப்படையிலேயே வேறுபாடு உண்டு. கடவுச்சொல் ஒவ்வொரு முறையும் மறுமுனைக்குப் போகிறது. சாவி ஒருமுறைகூடப் போவதில்லை.

எஸ்எஸ்எச்-கீஜென் கட்டளை இரண்டு கோப்புகளை உண்டாக்கியதைப் பார்த்திருப்பீர்கள். பெயரின் முடிவில் பப் என்று இருப்பது பொதுச் சாவி, அது இல்லாதது தனிச் சாவி. பொதுச் சாவி என்ற மொழிபெயர்ப்பே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். அதை வைத்து எதையும் திறக்க முடியாது. அதைப் பூட்டு என்று சொல்கிறவர்கள் உண்டு. உள்நுழைவுக்கு அதுவும் முழுதாகப் பொருந்தாது. என்னைக் கேட்டால் அது வங்கியில் நீங்கள் கொடுத்து வைத்திருக்கும் மாதிரிக் கையொப்பம். கணக்குத் திறக்கும்போது அட்டையில் போட்டுக் கொடுக்கிறீர்கள், அது வங்கியிலேயே இருக்கிறது. பிறகு ஒவ்வொரு முறையும் புதிய சீட்டில் புதிதாகக் கையெழுத்துப் போடுகிறீர்கள், அவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். கையெழுத்துப் போடும் கை உங்களோடுதான் இருக்கிறது, அதைக் கழற்றி யாருக்கும் அனுப்புவதில்லை. ஒரே ஒரு வேறுபாடு: வங்கி அட்டையைப் பார்த்து ஒருவன் உங்கள் கையெழுத்தைப் பழகிவிடலாம். பொதுச் சாவியைப் பார்த்துத் தனிச் சாவியைக் கண்டுபிடிப்பது இன்றைய கணினிகளால் ஆகாத காரியம்.

உள்ளே நடப்பது இதுதான். நீங்கள் இணைத்தவுடன் இரு கணினிகளும் முதலில் பேசி ஓர் இரகசியத்தை உண்டாக்கிக்கொள்கின்றன. இடையில் கேட்டுக்கொண்டிருப்பவனுக்கு அது கிடைக்காது. டிஃபி, ஹெல்மேன் என்ற இருவர் 1976இல் வெளியிட்ட கணக்கின் வழிவந்தது இது. அந்தப் பேச்சிலிருந்து அந்த ஒரு இணைப்புக்கு மட்டுமே உரிய ஓர் அடையாள எண் பிறக்கிறது. உங்கள் மடிக்கணினி அந்த எண்ணையும் உங்கள் பயனர் பெயரையும் சேர்த்துத் தனிச் சாவியால் கையொப்பமிட்டு அனுப்புகிறது. பட்டறைக் கணினி, தன்னிடம் உள்ள பொதுச் சாவியை வைத்து அது சரிதானா என்று பார்க்கிறது. அவ்வளவுதான். அடுத்த முறை எண் வேறு, ஆகவே கையொப்பமும் வேறு. இன்றைய கையொப்பத்தை ஒருவன் எடுத்து வைத்திருந்தாலும் நாளைக்கு அது வெற்றுக் காகிதம். இன்னொரு கணினியில் காட்டவும் அது உதவாது.

கடவுச்சொல்லில் இந்த வசதி இல்லை. வழியில் யாரும் கேட்க முடியாதபடி மறைத்துத்தான் போகிறது என்றாலும், மறுமுனையில் இருப்பவனிடம் அப்படியே போய்ச் சேர்ந்துவிடுகிறது. அந்த மறுமுனை உங்கள் பட்டறை இல்லாமல் வேறு எவனோ என்றால், அவன் கையில் உங்கள் கடவுச்சொல். முன்பு தொலைக் கணினிக்குள் நுழைய டெல்நெட், ஆர்லாகின் என்ற நிரல்கள் இருந்த காலத்தில் வழியில்கூட மறைப்பு கிடையாது. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் யாரோ ஒட்டுக்கேட்கும் நிரலை வைத்துக் கடவுச்சொற்களை அள்ளிவிட்டார்கள். அங்கிருந்த டாட்டு யுலோனன் 1995இல் எஸ்எஸ்எச்சை எழுதியதற்கு அதுதான் காரணம். கோப்பு அனுப்பும் எஃப்டிபிக்கு 21, டெல்நெட்டுக்கு 23 என்று போர்ட் எண்கள், அதாவது சேவைக்குச் சேவை ஒரு கதவு எண், இருந்தன. நடுவில் காலியாக இருந்த 22ஐக் கேட்டு வாங்கிக்கொண்டார். இன்று நாம் பயன்படுத்தும் ஓபன்எஸ்எஸ்எச், ஓபன்பிஎஸ்டி குழுவினர் 1999இல் கொண்டுவந்தது. உங்கள் விண்டோஸில் இருப்பதும் அதன் வாரிசுதான்.

ஆகவே தனிச் சாவியை அனுப்புவது, கையை வெட்டிப் பார்சலில் போடுவதற்குச் சமம். அது இப்போது உங்கள் கைபேசியில் இருக்கிறது, அண்ணன் கைபேசியில் இருக்கிறது, இருவரும் எடுத்து வைக்கும் காப்பு நகல்களிலும் இருக்கலாம். யாரும் திருடினார்கள் என்று நான் சொல்லவில்லை. எங்கெங்கே இருக்கிறது என்று உங்களாலேயே எண்ணிச் சொல்ல முடியாது என்கிறேன். அந்தச் சாவி போனது போனதுதான். ஆத்தரைஸ்டு_கீஸ் கோப்பில் அதன் வரியை நீக்கிவிடுங்கள். புதிதாக ஒன்று உண்டாக்குங்கள், அது உங்கள் மடிக்கணினியிலேயே பிறந்து அங்கேயே இருக்கட்டும். அண்ணன் கணினியில் அண்ணனுக்கு ஒன்று. ஆளுக்கு ஒன்று என்றுகூட அல்ல, கணினிக்கு ஒன்று.

உண்டாக்கும்போது பாஸ்ஃபிரேஸ் கேட்கும், என்டர் தட்டித் தாண்டிவிடாதீர்கள். அது மறுமுனைக்குப் போவதில்லை. தனிச் சாவிக் கோப்பை உங்கள் கணினியிலேயே பூட்டி வைப்பதற்கு மட்டும். காட்பாடி நிலையத்தில் ரயில் ஏறும் நெரிசலில் மடிக்கணினிப் பை கைமாறினால், எடுத்தவன் அதைத் தாண்ட வேண்டும். அதற்குள் நீங்கள் வேறு கணினியிலிருந்து நுழைந்து அந்த ஒரு வரியை அழித்துவிடலாம். அண்ணனுடைய சாவி பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும். தினமும் பத்து முறை பாஸ்ஃபிரேஸ் தட்டுவது அலுப்பாக இருந்தால் எஸ்எஸ்எச்-ஏஜென்ட் இருக்கிறது, ஒருமுறை சொன்னால் நினைவில் வைத்துக்கொள்ளும். சாவி வரியின் கடைசியில் ஒரு குறிப்பு எழுத இடம் உண்டு. "அண்ணன் வீட்டுக் கணினி" என்பது போல ஏதாவது எழுதுங்கள். இரண்டு வருடம் கழித்து எந்த வரி யாருடையது என்று முழிக்க வேண்டியதில்லை.

சாவி நன்றாக அமைவதற்கு அது எதேச்சையாகப் பிறக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2006இல் டெபியன் லினக்ஸில், சாவி உண்டாக்கப் பயன்படும் ஓபன்எஸ்எஸ்எல் என்ற நிரலைத் திருத்தப்போய், எதேச்சைத் தன்மை தரும் பகுதியே அடிபட்டுப்போனது. ஒவ்வொரு வகைக்கும் அளவுக்கும் 32,768 சாவிகள்தான் பிறக்க முடியும் என்ற நிலை. 2008 மே மாதம்தான் கண்டுபிடித்தார்கள். அந்தக் காலச் சாவியை இன்னும் கட்டிக்கொண்டு யாராவது இருந்தால் தூக்கிப் போடுங்கள். உங்களுடையது புதியது, கவலை இல்லை.

அடையாளம் மாறிவிட்டது என்ற எச்சரிக்கைக்கு வருகிறேன். நீங்கள் யார் என்று பட்டறைக் கணினி கேட்பது போலவே, அது யார் என்று உங்கள் மடிக்கணினியும் கேட்கிறது. சர்வருக்கும், இங்கே பட்டறைக் கணினிக்கும், சொந்தமாக ஒரு சாவிச் சோடி உண்டு, அதுவும் ஒவ்வொரு இணைப்பிலும் கையொப்பமிட்டுக் காட்ட வேண்டும். முதல்முறை இணைத்தபோது ஒரு நீளமான எழுத்துக் கோவையைக் காட்டி, இதை நம்பலாமா என்று கேட்டிருக்கும். எல்லாரையும் போல நீங்களும் ஆம் என்று தட்டியிருப்பீர்கள். அன்று பதிந்துகொண்ட அடையாளம் நோன்_ஹோஸ்ட்ஸ் கோப்பில் இருக்கிறது. உபுண்டுவை மறுபடி நிறுவியதும் சர்வரின் பழைய சாவி அழிந்து புதியது பிறந்துவிட்டது. முகவரி அதே, முகம் வேறு. எஸ்எஸ்எச் கூச்சல் போடுகிறது.

உங்கள் விஷயத்தில் காரணம் தெரிந்தே இருக்கிறது. அப்படியும் கண்ணை மூடிக்கொண்டு பழைய வரியை நீக்கிவிடாதீர்கள். அண்ணனைப் பட்டறைக் கணினியின் முன்னால் உட்காரச் சொல்லி, இடிசி-எஸ்எஸ்எச் ஃபோல்டரில் ஹோஸ்ட்_இடி25519 என்ற பெயர் வரும் பப் கோப்பை எஸ்எஸ்எச்-கீஜென் -எல் -எஃப் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். எஸ்எச்ஏ256 என்ற சொல்லுக்குப் பின் 43 எழுத்துகள் வரும். தொலைபேசியில் அவர் படிக்க, உங்கள் திரையில் வருவதோடு ஒப்பிடுங்கள். முழுதும் படிக்கப் பொறுமை இல்லையென்றால் அவரை அதைப் படமாக அல்லாமல் எழுத்தாக அனுப்பச் சொல்லி, ஆம் என்று தட்டுவதற்குப் பதில் அந்த எழுத்துகளையே ஒட்டிவிடுங்கள். இன்றைய ஓபன்எஸ்எஸ்எச் தானே ஒப்பிட்டுக்கொள்ளும். பழைய பதிவை நீக்கிய பிறகுதான் அந்தக் கேள்வி வரும். நீக்குவதற்கு எஸ்எஸ்எச்-கீஜென் -ஆர் என்று பெரிய ஆர் போட்டு முகவரியைக் கொடுத்தால் போதும். 2023 மார்ச்சில், நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளம் தன் ஆர்எஸ்ஏ சாவி தவறுதலாக வெளியே தெரிந்துவிட்டது என்று மாற்றியபோது, உலகம் முழுக்க நிரலாளர்களுக்கு இதே எச்சரிக்கை வந்தது. அப்போதும் சரியான எழுத்துக் கோவையை அவர்கள் வெளியிட்டார்கள், ஒப்பிட்டுப் பார்த்துத்தான் மாற்ற வேண்டியிருந்தது.

சாவி வேலை செய்யத் தொடங்கியதும் கடவுச்சொல் வழியை அடைத்துவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் சாவி செய்ததில் பாதிப் பயன்தான். முன்கதவுக்கு நல்ல பூட்டுப் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவை ஒருக்களித்து வைப்பது போல ஆகும். பட்டறைக் கணினியில் எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக் என்ற அமைப்புக் கோப்பில் பாஸ்வேர்ட்ஆதென்டிகேஷன், கேபிடிஇன்டராக்டிவ்ஆதென்டிகேஷன் இரண்டுக்கும் நோ என்று கொடுக்க வேண்டும். உபுண்டுவில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அந்தக் கோப்பின் தலையிலேயே இன்னொரு ஃபோல்டரில் உள்ள துணைக் கோப்புகளைப் படிக்கச் சொல்லியிருப்பார்கள். எஸ்எஸ்எச்சைப் பொறுத்தவரை முதலில் படித்ததுதான் செல்லும். துணைக் கோப்பில் யெஸ் என்று இருந்தால், நீங்கள் கீழே எழுதும் நோ வீண். எஸ்எஸ்எச்டி -டி என்று, டெஸ்ட் என்பதன் முதல் எழுத்தான பெரிய டி போட்டுக் கேட்டால், இறுதியில் எது நடைமுறையில் இருக்கிறது என்று சொல்லிவிடும்.

இந்த வேலையைச் செய்யும்போது ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பை மூடாதீர்கள். அமைப்பை மாற்றி, சேவையை ரீலோட் செய்து, இரண்டாவதாக ஒரு டெர்மினல் திறந்து சாவியால் உள்ளே போக முடிகிறதா என்று பார்த்த பிறகுதான் முதலாவதை மூட வேண்டும். நான் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ராணிப்பேட்டையில் ஓர் அலுவலகச் சர்வரை வேலூரில் உட்கார்ந்தபடி திருத்தினேன். கடவுச்சொல் வழியை அடைத்தேன், சாவியைச் சோதிக்கவில்லை, ஜன்னலை மூடினேன். அடுத்த நிமிடம் உள்ளே போக வழி இல்லை. மே மாத மத்தியானம், நம் ஊர் வெயிலைச் சொல்ல வேண்டாம். ஆற்காடு வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினேன். பாலாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது கீழே மணல் ஓடிக்கொண்டிருந்தது. அலுவலகம் போய்ச் சேர்ந்தால், சர்வர் அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு காவலாளி சாப்பிடப் போயிருந்தார். திண்ணையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தவறு என்ன என்று யோசிக்க நேரம் கிடைத்தது: ஆத்தரைஸ்டு_கீஸ் என்பதில் கடைசி எஸ்ஸை விட்டிருந்தேன்.

இரவெல்லாம் கதவைத் தட்டுகிறவர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் உங்கள் பட்டறையைக் குறிவைத்து வரவில்லை. இணைய முகவரிகளை வரிசையாகத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் அவை. ரூட், அட்மின், டெஸ்ட் என்று நாலு பெயரையும் சில ஆயிரம் கடவுச்சொற்களையும் வைத்துக்கொண்டு சுற்றுகின்றன. கடவுச்சொல் வழியே இல்லையென்றால் தட்டிவிட்டுப் போகட்டும். போர்ட்டை 22இலிருந்து மாற்றினால் பதிவேட்டில் இரைச்சல் குறையும், பாதுகாப்பு கூடிவிட்டது என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதீர்கள்.

ஒருநாள் இணையச் சேவையை மாற்றினால், ரவுட்டரில் வழி திறந்தும் வெளியிலிருந்து பட்டறைக்குள் வர முடியாமல் போகலாம். பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பங்கிட்டுக் கொடுக்கும் ஏற்பாடு இங்கே சாதாரணம். அப்போது பதற வேண்டாம். வேலூர்க்காரர்களுக்குத் தெரிந்த கதைதான். 1806 ஜூலை 10ஆம் தேதி கிளர்ந்தெழுந்த இந்தியச் சிப்பாய்கள் வேலூர்க் கோட்டையைப் பிடித்துக்கொண்டபோது, ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்த பிரிட்டிஷ் அதிகாரி கில்லஸ்பி வாசல் வழியே போக முடியாமல், மதில்மேல் மிஞ்சியிருந்த ஆங்கிலேயச் சிப்பாய்கள் இறக்கிய கயிற்றைப் பிடித்து ஏறினான். அதே உத்திதான். வாசல் மூடியிருந்தால் உள்ளிருப்பவர் கயிறு விட வேண்டும். நிலையான முகவரி உள்ள ஒரு வாடகைச் சர்வருக்குப் பட்டறைக் கணினி தானாகவே எஸ்எஸ்எச் -ஆர் (இதுவும் பெரிய ஆர்) மூலம் இணைந்து காத்திருக்கும், நீங்கள் அந்தச் சர்வருக்குப் போய் அதே கயிற்றில் உள்ளே இறங்கலாம். அந்தக் கயிற்றுக்கென்று உண்டாக்கும் சாவியின் வரிக்கு முன்னால் ரெஸ்ட்ரிக்ட் என்று சேர்த்து, போர்ட் கடத்தலுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். ரெஸ்ட்ரிக்ட் மட்டும் கட்டளை ஓட்டுவதைத் தடுக்காது, அதற்கு அதே வரியில் கமாண்ட் என்ற விருப்பத்தால் ஒரே ஒரு பயனற்ற கட்டளையை மட்டும் கட்டி வையுங்கள். வயர்கார்டு என்ற விபிஎன் நிரலை வைத்துக்கொண்டால் இன்னும் எளிது, அதை வேண்டுமானால் பிறகு தனியாக எழுதுகிறேன்.

இப்போதைக்கு 777ஐத் திருத்துங்கள். அண்ணனைத் தன் கணினியில் புதிதாக எஸ்எஸ்எச்-கீஜென் ஓட்டச் சொல்லி, பப் என்று முடியும் கோப்பை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். அதை வாட்ஸ்அப்பிலேயே அனுப்பலாம், தடையில்லை. உரையாக ஒட்டாமல் கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள், வரி உடையாமல் வரும். வந்ததும் அவரிடம் ஒரு போன் போட்டு, அனுப்பியது அவர்தானா என்று கேட்டுக்கொண்டு பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.